வீட்டு விலையில் ஒரு பெட்டி!
டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பிடித்து வைக்க ஆசைப்பட்டவர்கள் கொடுத்த விலை

1963-ம் ஆண்டு.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டு இருந்தது.

அமெரிக்காவில் "நைமன் மார்க்கஸ்" என்று ஒரு கடை. பணக்காரர்கள் சாமான் வாங்கும் கடை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்தக் கடை ஒரு விலைப் புத்தகம் வெளியிடும். கணவன் மனைவிக்குக் கொடுக்க, மனைவி கணவனுக்குக் கொடுக்க, என்னென்ன பரிசுப் பொருள்கள் இருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டும்.

அந்த ஆண்டு புத்தகத்தில் ஒரு பெட்டி இடம் பெற்றது.

பெட்டி என்றால் சின்னப் பெட்டி அல்ல. 9 அடி நீளம்! 400 கிலோ எடை! நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அதற்குள் டெலிவிஷன் இருந்தது. ரேடியோ இருந்தது. இவற்றுக்கு எல்லாம் மேலாக, டெலிவிஷனில் வரும் படத்தைப் பிடித்து வைத்து, வேண்டும்போது திருப்பிக் காட்டும் எந்திரமும் இருந்தது.

அதுதான் வீடியோ!

செய்தது "ஆம்பெக்ஸ்" என்ற கம்பெனி. விலை என்ன தெரியுமா?

30 ஆயிரம் டாலர்!

அந்த ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புது வீட்டின் விலை சாதாரணமாக 18 ஆயிரம் டாலர்தான். அதாவது, ஒன்றரை வீடு வாங்கும் பணத்தைக் கொடுத்தால், இந்த ஒரு பெட்டியை வாங்கலாம். நடுத்தரக் குடும்பம் ஒன்று, சாப்பிடாமல் உடுத்தாமல் 5 வருஷம் சேர்த்தால்தான் அந்தப் பணம் சேரும்!

பிற்காலத்தில் ஏழை வீட்டிலும் கிடைத்த ஒரு வசதிக்கு, முதலில் இருந்த விலை இது.

அந்த விலை எப்படி இறங்கியது? இறங்குவதற்குள் எத்தனை குடும்பங்கள் கையைச் சுட்டுக்கொண்டன? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

போனால் வராது!

டெலிவிஷன் வந்த புதிதில், அது ஆற்றுத் தண்ணீர் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும். போன தண்ணீர் திரும்பி வராது.

இரவு 8 மணிக்கு ஒரு நாடகம் என்றால், 8 மணிக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டும். வந்து பார்த்தால் கதை பாதி போயிருக்கும். ராத்திரி வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அந்த நாடகமே கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"இதைப் பிடித்து வைத்து, பிறகு பார்க்க முடியாதா?" என்று எல்லோரும் ஏங்கினார்கள்.

ஏங்கினால் போதுமா? வழி வேண்டாமா?

பேச்சையும் பாட்டையும் பிடித்து வைக்க அப்போதே டேப் ரிக்கார்டர் இருந்தது. நீளமான ஒரு நாடா. அதன்மேல் இரும்புத் துரு போன்ற பொடி பூசி இருக்கும். காந்தம் ஒன்று அந்தப் பொடியில் ஒலியை எழுதி வைக்கும். நாடாவைத் திருப்பி ஓட்டினால், எழுதியது பாட்டாகக் கேட்கும்.

"பாட்டை எழுதும் நாடாவில் படத்தையும் எழுதினால் என்ன?" என்று நிபுணர்கள் நினைத்தார்கள்.

நினைத்தது சுலபம். செய்வது கஷ்டமாக இருந்தது.

பாட்டின் ஒலி ஒரு வினாடியில் சில ஆயிரம் தடவை அதிரும். அதிகம் போனால் 20 ஆயிரம் தடவை. ஆனால் டெலிவிஷன் படத்தில் ஒரு வினாடிக்கு 30, 40 லட்சம் தடவை மாறுதல் இருக்கும்! அத்தனையையும் எழுத வேண்டுமானால், நாடா புயல் வேகத்தில் ஓட வேண்டும்.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் அப்படி ஓட்டிப் பார்த்தது. "வேரா" என்று அந்த எந்திரத்துக்குப் பெயர். நாடா ஒரு வினாடியில் 16 அடிக்கு மேல் ஓடியது. பிரமாண்டமான சுருள். ஆனால் 15 நிமிஷ நிகழ்ச்சிதான் அதில் பிடித்தது. 1958-ல் அதை டெலிவிஷனில் காட்டினார்கள். ஆனால் அதற்குள் அமெரிக்கர்கள் முந்திவிட்டார்கள்.

பேனாவைச் சுழற்றினார்கள்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஆம்பெக்ஸ் கம்பெனி இருந்தது. அங்கே சார்லஸ் கின்ஸ்பர்க் என்ற என்ஜினீயர் தலைமையில் ஒரு சிறு குழு வேலை செய்தது. அந்தக் குழுவில் ரே டால்பி என்ற இளைஞரும் இருந்தார். பிற்காலத்தில் சினிமா தியேட்டர்களில் "டால்பி" ஒலி என்று புகழ் பெற்றதே, அந்த டால்பிதான் இவர்.

அவர்கள் செய்த தந்திரம் என்ன?

எழுதும்போது காகிதத்தை வேகமாக இழுக்க வேண்டாம். காகிதம் மெதுவாகப் போகட்டும். பேனாவை வேகமாக ஓட்டினால் போதும் அல்லவா?

அதையே செய்தார்கள். எழுதும் காந்தங்கள் நான்கை ஒரு சிறு சக்கரத்தில் பொருத்தினார்கள். அந்தச் சக்கரத்தை நிமிஷத்துக்கு 14,400 சுற்று சுற்றவிட்டார்கள். நாடா வினாடிக்கு 15 அங்குலம் நகர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. வினாடிக்கு 16 அடி எங்கே! 15 அங்குலம் எங்கே!

1956-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிகாகோ நகரில் டெலிவிஷன் நிலைய அதிகாரிகள் கூட்டம் நடந்தது. அங்கே இந்த எந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். கூட்டத்தில் பேசியவரின் படம், அவர் பேசி முடித்ததும் டெலிவிஷனில் திரும்பத் தெரிந்தது. பார்த்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாங்குவதற்குப் போட்டி போட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, சி.பி.எஸ். டெலிவிஷன் கம்பெனி முதல் முறையாக இதை உபயோகித்தது. நியூயார்க்கில் வாசித்த செய்தியை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நாடாவில் பிடித்தார்கள். இரண்டு ஊருக்கும் 3 மணி நேர வித்தியாசம். எனவே 3 மணி நேரம் வைத்திருந்து, மேற்குப் பகுதி மக்களுக்கு ஒளிபரப்பினார்கள்.

எந்திரத்தின் விலை சுமார் 50 ஆயிரம் டாலர். ஒரு மணி நேரம் ஓடும் நாடாவுக்கு மட்டும் சுமார் 300 டாலர்!

டெலிவிஷன் நிலையத்துக்கு இது கட்டுப்படி ஆகும். குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகுமா?

60 பவுன் எந்திரம்

1963-ல் அமெரிக்காவில் 30 ஆயிரம் டாலர் பெட்டியைக் கூவி விற்றார்கள் அல்லவா? அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் அதிசயம் நடந்தது.

நாட்டிங்காம் நகரத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கம்பெனி, "டெல்கான்" என்ற வீட்டு வீடியோவைக் கொண்டுவந்தது. நார்மன் ரூதர்போர்டு, மைக்கேல் டர்னர் என்ற இருவர் செய்தது. விலை சுமார் 60 பவுன்தான்! அந்த நாட்டுத் தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

"அடேயப்பா! இவ்வளவு மலிவா?" என்று உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் மலிவுக்குக் காரணம் இருந்தது. டெல்கான் பழைய வழியில்தான் வேலை செய்தது. சாதாரண டேப் ரிக்கார்டர் நாடாவை, வினாடிக்கு 10 அடி வேகத்தில் ஓட்டியது. 20 நிமிஷம்தான் பிடித்தது. கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் தெளிவு குறைவு. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வதும் எளிதாக இல்லை.

ஒரு மணி நேர நாடகத்தை 20 நிமிஷ நாடாவில் எப்படிப் பிடிப்பது? மக்கள் கைவிட்டார்கள். டெல்கான் மறைந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றிரண்டில் ஒன்று, நாட்டிங்காம் தொழில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

யானைக்குத் தீனி

1965-ல் ஜப்பான் களத்தில் இறங்கியது.

"சோனி" கம்பெனி "சி.வி. 2000" என்ற எந்திரத்தை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். அரை அங்குல நாடா. ஒரு மணி நேரம் ஓடும். அமெரிக்காவில் விலை 695 டாலர்.

30 ஆயிரம் எங்கே! 695 எங்கே! இரண்டே வருஷத்தில் இந்த வீழ்ச்சி!

அப்படியானால் எல்லோரும் வாங்கி இருக்க வேண்டுமே? ஏன் வாங்கவில்லை?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு மணி நேர நாடா ஒன்று சுமார் 40 டாலர்! வாரம் ஒரு நாடகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், 4 மாதத்தில் நாடாச் செலவு எந்திரத்தின் விலையை எட்டிவிடும்.

யானையை வாங்கிவிடலாம். தீனி போட வேண்டாமா?

நாடா இரண்டு சுருள்களில் திறந்தபடி இருக்கும். கையால் எடுத்து, வளைத்து, சரியான வழியில் கோத்துவிட வேண்டும். பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் அதை வாங்கின. குடும்பங்கள் எட்டி நின்றே பார்த்தன.

சிவப்பு காசெட்!

1972-ல் அமெரிக்காவில் "கார்ட்ரிவிஷன்" என்று ஒன்று வந்தது.

இது டெலிவிஷனும் வீடியோவும் சேர்ந்த பெட்டி. நாடாவைக் கையால் தொட வேண்டாம். காசெட்டை உள்ளே தள்ளினால் போதும். விலை 1,350 டாலர். பெரிய பெரிய கடைகளில் வைத்து விற்றார்கள்.

சினிமாப் படங்களையும் வாடகைக்குக் கொடுத்தார்கள். வாடகைப் படங்கள் எல்லாம் சிவப்பு காசெட்டில் வரும்.

சிவப்பு காசெட்டில் ஒரு வேடிக்கை.

படத்தை ஒரு தடவை பார்க்கலாம். பார்த்து முடித்த பிறகு, நாடாவைத் திருப்பிச் சுற்ற முடியாது! அதற்கு உரிய எந்திரம் கடையில் மட்டும்தான் இருக்கும். அப்பா பார்த்த படத்தைத் தாத்தா பார்க்க வேண்டும் என்றால், மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும். சினிமாக் கம்பெனிகளின் பயத்துக்காகச் செய்த ஏற்பாடு இது.

1,350 டாலர் கொடுத்து வாங்கிய எந்திரம். ஆனால் அதற்கு எஜமானன் வாங்கியவன் அல்ல!

மக்கள் வாங்கவில்லை. 1973-ல் கார்ட்ரிவிஷன் முடிந்து போயிற்று. வாங்கிய சிலரின் கதி என்ன? பெட்டி இருந்தது. புதுக் காசெட் இல்லை. பழுது பார்க்கக் கம்பெனி இல்லை.

அதே 1972-ல் ஐரோப்பாவில் "பிலிப்ஸ்" கம்பெனி காசெட் வீடியோ ஒன்றை வெளியிட்டது. அதில் கடிகாரம் இருந்தது. நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு வெளியே போனால், அதுவே பிடித்து வைக்கும். நல்ல வசதிதான். ஆனால் இங்கிலாந்தில் அதன் விலை ஏறக்குறைய 600 பவுன்!

இரண்டு மாத வருமானம்

1975-ல் சோனி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அதன் பெயர் "பீட்டாமாக்ஸ்".

கையடக்கமான காசெட். கலர் படம். பளிச்சென்று தெரிந்தது. ஜப்பானில் விலை 2 லட்சத்து 29 ஆயிரத்து 800 யென்.

அமெரிக்காவில் முதலில் டெலிவிஷனோடு சேர்த்து, ஒரே பெட்டியாக விற்றார்கள். விலை சுமார் 2,300 டாலர். அந்த ஆண்டு அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் வருஷ வருமானம் 13,720 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து சம்பாதித்த இரண்டு மாத வருமானம்!

அடுத்த ஆண்டு, டெலிவிஷன் இல்லாமல் வீடியோ மட்டும் தனியாக வந்தது. அதற்கு 1,300 டாலர்.

காசெட் விலை சுமார் 16 டாலர். ஒரு மணி நேரம்தான் ஓடும். 2 மணி நேர சினிமா என்றால் 2 காசெட் வேண்டும். 32 டாலர் ஆயிற்று.

அப்போது அமெரிக்காவில் சினிமா டிக்கெட் சுமார் 2 டாலர். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் தியேட்டருக்குப் போனால் 8 டாலரில் முடிந்துவிடும். அந்த 32 டாலருக்குக் குடும்பத்தோடு 4 படம் பார்க்கலாம்!

காசெட்டை அழித்து மறுபடியும் உபயோகிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆசை யாரை விட்டது? "இந்தப் படம் நன்றாக இருக்கிறது. அழிக்க வேண்டாம்" என்று வைத்துக்கொண்டே போனால், அலமாரி நிறையும். பை காலியாகும்.

2 மணி நேரம்!

ஜப்பானில் "ஜே.வி.சி." என்று இன்னொரு கம்பெனி. யோகோஹாமா நகரில் அதன் தொழிற்சாலை. ஷிசுவோ தகானோ, யூமா ஷிராய்ஷி ஆகிய இருவர் அங்கே வீட்டு வீடியோவுக்காக 1971 முதல் பாடுபட்டார்கள்.

அவர்கள் எந்திரத்தைச் செய்வதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்தார்கள். "வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும்?" என்று எழுதினார்கள். 12 அம்சங்கள் எழுதினார்கள். அதில் முக்கியமான ஒன்று, காசெட் குறைந்தது 2 மணி நேரம் ஓட வேண்டும் என்பது.

ஏன் 2 மணி நேரம்?

ஒரு சினிமா அவ்வளவு நேரம்!

1976-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அவர்களுடைய "வி.எச்.எஸ்." வீடியோ கடைக்கு வந்தது. விலை 2 லட்சத்து 56 ஆயிரம் யென். பீட்டாமாக்சைவிட விலை அதிகம்தான். ஆனால் ஒரே காசெட்டில் முழுப் படமும் அடங்கியது.

1977-ல் அமெரிக்காவின் "ஆர்.சி.ஏ." கம்பெனி இதே முறையில் 4 மணி நேரம் ஓடும் எந்திரத்தை 1,000 டாலருக்கு விற்றது. அமெரிக்காவில் கால்பந்துப் பந்தயம் 3 மணி நேரத்தையும் தாண்டும். அதை எழுந்து போகாமல் பிடிக்க வேண்டும் அல்லவா?

சோனியும் காசெட்டின் நேரத்தைக் கூட்டியது. விலையைக் குறைத்தது. ஆனால் மற்றக் கம்பெனிகள் பலவும் வி.எச்.எஸ். பக்கம் போய்விட்டன. கடைகளில் வி.எச்.எஸ். காசெட் மலிந்தது. பீட்டா காசெட் வைக்கும் அலமாரி சுருங்கிக்கொண்டே வந்தது.

பீட்டாமாக்ஸ் காசெட்டை வி.எச்.எஸ். எந்திரத்தில் போட முடியாது. இதை அதில் போட முடியாது. இரண்டின் அளவும் வேறு. ஆகவே, படம் தெளிவாக இருக்கிறது என்று நம்பி பீட்டாமாக்ஸ் வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்கள் தவித்துப் போயின. எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போட்டுப் பார்க்கப் புதுப் படம் கிடைக்கவில்லை!

1988-ல் சோனி கம்பெனியே வி.எச்.எஸ். எந்திரம் செய்ய ஆரம்பித்துவிட்டது.

கோர்ட்டில் வழக்கு!

இதற்கு நடுவே ஒரு பெரிய வழக்கு நடந்தது.

"எங்கள் படத்தை வீட்டில் பிடித்து வைப்பது திருட்டு. இந்த எந்திரத்தை விற்கக் கூடாது" என்று, யூனிவர்சல், வால்ட் டிஸ்னி ஆகிய சினிமாக் கம்பெனிகள் 1976-ல் சோனி மீது வழக்குப் போட்டன.

1979-ல் கீழ்க் கோர்ட்டில் சோனி ஜெயித்தது. 1981-ல் அப்பீல் கோர்ட்டில் தோற்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

சினிமாக்காரர்களுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம்! அவர்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி, 1982-ல் பாராளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். பாஸ்டன் நகரில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கொலைகாரனுக்கு வீடியோவை ஒப்பிட்டார்!

ஆனால் கோர்ட்டில் இன்னொரு சாட்சியும் இருந்தார். பிரெட் ரோஜர்ஸ் என்பவர். குழந்தைகளுக்காக டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்திப் புகழ் பெற்றவர். "என் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்து, வசதியான நேரத்தில் குடும்பம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது குடும்பங்களுக்கு நல்லதுதான்" என்ற பொருளில் அவர் சொன்னார்.

1984-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகள். 5 பேர் சோனி பக்கம். 4 பேர் எதிர்ப்பக்கம். "பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பிடித்து வைப்பது குற்றம் அல்ல" என்று தீர்ப்பு ஆயிற்று. ரோஜர்ஸ் சொன்ன சாட்சியத்தையும் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்கள்.

ஒரே ஒரு நீதிபதி மாறி இருந்தால், வீட்டு வீடியோவின் தலைவிதியே மாறி இருக்கும்!

இதில் வேடிக்கை என்ன என்றால், கொலைகாரன் என்று திட்டினார்களே, அந்த வீடியோதான் பிறகு அவர்களுக்குச் சோறு போட்டது. 1980-களின் கடைசியில், தியேட்டர் வசூலைவிட காசெட் வருமானம் சினிமாக் கம்பெனிகளுக்கு அதிகமாக வந்தது.

வாடகைக்கு வந்த சினிமா

விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு வழி என்ன?

வாடகை!

1977-ல் ஆந்திரே பிளே என்ற அமெரிக்கர், ஒரு பெரிய சினிமாக் கம்பெனியிடம் 50 படங்களுக்கு உரிமை வாங்கி, காசெட்டில் பதிந்து விற்றார். ஒரு படம் 50 டாலர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் என்ற சிறு வியாபாரி அந்தக் காசெட்டுகளை வாங்கினார். வாடகைக்கு விடப்போவதாக விளம்பரம் செய்தார். அங்கத்தினர் ஆவதற்கு வருஷம் 50 டாலர். ஆயுள் முழுவதற்கும் என்றால் 100 டாலர். பிறகு ஒரு படத்துக்கு ஒரு நாள் வாடகை 10 டாலர்.

அதுவும் அதிகம்தான். ஆனாலும் கூட்டம் வந்தது. அதைப் பார்த்து, தெருவுக்குத் தெரு வாடகைக் கடை முளைத்தது. போட்டியில் வாடகை இறங்கியது. இங்கிலாந்தில் காசெட்டை மட்டும் அல்ல, வீடியோ எந்திரத்தையே மாத வாடகைக்கு எடுத்தார்கள். ரிப்பேர் ஆனால் கடைக்காரர் பொறுப்பு. புது ரகம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். எனவே எந்த முறை தோற்றாலும் வாடகைக்காரருக்கு நஷ்டம் கொஞ்சம்தான்!

தமிழ்நாட்டுக்கும் இந்த எந்திரம் வந்து சேர்ந்தது. 1982-ல் இந்தியாவில் கலர் டெலிவிஷன் வந்த பிறகு பரவியது. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது சுமந்து வந்தார்கள். "டெக்" என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். டெக்கும் டெலிவிஷனும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து, விடிய விடியப் படம் பார்த்தது பலருக்கு நினைவு இருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு வீடியோவில் படம் காட்டுவதும் பெருகியது. அதை ஒழுங்குபடுத்த, தமிழ்நாட்டில் 1984-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

விலை இறங்கியது

1980-ல் அமெரிக்காவில் நூறு வீட்டில் சுமார் ஒரு வீட்டில்தான் வீடியோ இருந்தது. 1990-ல் மூன்றில் இரண்டு வீட்டில் இருந்தது.

லட்சக்கணக்கில் செய்யச் செய்ய, விலை இறங்கியது. 1980-களின் நடுவில் 400 டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் கிடைத்தது. 1990-களின் கடைசியில் 100 டாலருக்கும் கீழே வந்தது.

30 ஆயிரம் டாலரில் ஆரம்பித்தது, 100 டாலரில் வந்து நின்றது!

பிறகு வட்டத் தகடு வந்தது. அதன் பிறகு இன்டர்நெட் வந்தது. வீடியோவின் காலம் முடிந்தது. 2002-ல் பீட்டாமாக்ஸ் எந்திரம் செய்வதை சோனி நிறுத்தியது. 2016 மார்ச்சில் அதன் காசெட்டும் நின்றது. அதே ஆண்டு ஜூலையில், வி.எச்.எஸ். எந்திரத்தைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானின் "புனாய்" கம்பெனியும் நிறுத்திக்கொண்டது. எந்திரத்துக்கு வேண்டிய பாகங்கள் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

முதலில் வாங்கியவர்கள் ஏமாளிகளா?

அப்படிச் சொல்லக் கூடாது. அவர்கள் அதிக விலை கொடுத்து வாங்கியதால்தான் கம்பெனிகள் தொடர்ந்து செய்தன. பலபேர் செய்ததால்தான் விலை இறங்கியது. முதலில் வாங்கியவர் கொடுத்த பணத்தில், பின்னால் வந்தவர் மலிவாக வாங்கினார்.

ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. புதிய சாமான் எதை வாங்கினாலும், அட்டையில் எழுதிய விலையை மட்டும் பார்க்கக் கூடாது. தீனிச் செலவு என்ன? அதில் போட்டுப் பார்க்கப் பொருள் கிடைக்குமா? கம்பெனி நாளைக்கு மூடிவிட்டால் நம் கதி என்ன? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, பிறகு பையில் கை வைக்க வேண்டும்.

இன்னும் ஒரு செலவு பாக்கி!

எந்திரம் போய்விட்டது. கணக்கு முடிந்துவிட்டதா?

இல்லை.

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் காசெட் இருக்கும். மேலே கல்யாணத் தேதி எழுதி இருக்கும்.

அதில் என்ன இருக்கிறது?

தாலி கட்டும் காட்சி இருக்கிறது. பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிய மாமா இருக்கிறார். வெற்றிலை மடித்துக் கொடுத்த பாட்டி இருக்கிறாள். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அந்த நாடாவில் மட்டும் நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

ஆனால் நாடா நிரந்தரம் அல்ல. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூசிய பொடி உதிரும். ஓட்டிப் பார்க்கும் எந்திரமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. 2025-ம் ஆண்டுக்குள் நாடாவில் இருப்பதை எல்லாம் மாற்றி எடுத்துவிட வேண்டும், தவறினால் பெரும்பகுதி நிரந்தரமாகப் போய்விடும் என்று, ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது.

அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் உங்கள் காசெட் கெடாமல் இருக்கலாம். இன்னும் தாமதிக்க வேண்டாம்.

காசெட்டை வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். புத்தகத்தை அடுக்குவதுபோல நிற்க வைத்து வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், எந்திரத்தில் போட்டு ஓட்டாதீர்கள். ஓட்டினால் நாடாவும் போகும், எந்திரமும் கெடும். பழைய காசெட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை ஒரே இடத்தில் வைக்காமல், இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒன்றரை வீட்டு விலையில் ஆரம்பித்த இந்தக் கதையில், கடைசியாக நீங்கள் கொடுக்க வேண்டிய விலை மிகக் கொஞ்சம்தான்.

வீடியோ எந்திரத்தை மறுபடியும் எந்தக் கம்பெனியாவது செய்யலாம். பாட்டி வெற்றிலை மடித்த காட்சியை எந்தக் கம்பெனி செய்ய முடியும்?